சொல்தா பாட்டு

என் தாத்தாவின் பெட்டியில் இருந்த பாட்டுகளுக்கு எங்கள் உறவில் யாருக்கும் சரியான பெயர் தெரியாது. அவர் 'சோல்' என்று சொல்வாராம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் அவர். காரைக்காலில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். சோலும் சொல்தாவும் காதில் ஒன்றாக விழுந்து, கடைசியில் அது 'சொல்தா பாட்டு' என்றே ஆகிவிட்டது. அமெரிக்காவில் கறுப்பினப் பாடகர்கள் காதலுக்காகக் கெஞ்சிக் கரைந்த பாட்டுகளை, பட்டாளக்காரர்கள் அணிவகுத்து நடக்கிற பாட்டு என்று என் அத்தை இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட்டுக்கு அணிவகுத்து நடந்தால் பட்டாளமே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து விழும். அவை நடப்பதற்கான பாட்டுகள் இல்லை.

தாத்தா இறந்தபோது மாமா பிரான்சை எடுத்துக்கொண்டார், அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டாள். மூடினால் சூட்கேஸ் மாதிரி இருக்கும், திறந்தால் இசைத்தட்டு சுழலும். கூடவே ஒரு அடுக்கு தட்டுகள். அவற்றில் துள்ளிக் குதிக்கிற பாட்டுகளும் இருந்தன. அம்மா அவற்றைத் தொடுவதில்லை. அவள் திரும்பத் திரும்பப் போட்டதெல்லாம் ஒரே நடைகொண்ட பாட்டுகள். பின்னால் பியானோ மும்மூன்றாகத் தட்டிக்கொண்டே இருக்கும், முன்னால் ஒருவன் எந்த அவசரமும் இல்லாமல் உருகிக்கொண்டிருப்பான். சிலது ஒன்று-இரண்டு-மூன்று என்று வெறும் மூன்றிலேயே சுற்றும். சிலது நான்கு பெரிய அடி வைக்கும், ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று சின்ன அடி இருக்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்கு அவை ஊஞ்சல் பாட்டுகள். அம்மா மாவு பிசையும்போது அந்தத் தட்டு ஓடினால் அவள் தோள் லேசாக ஆடும், சப்பாத்தி மெதுவாக வரும்.

அப்பாவுக்கு அந்தப் பாட்டுகளின் மேல் பெரிய மரியாதை இல்லை. சோல் என்றால் ஆன்மா என்று அம்மா ஒருமுறை விளக்கியபோது, செருப்புக்கு அடியில் இருக்கிறதும் அதுதானே என்றார். அவரும் தாளக்காரர்தான். பகலில் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை. மற்ற நேரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேட் வாசித்தார். அது ரப்பர் கட்டங்கள் பதித்த ஒரு பலகை. குச்சியால் ஒரு கட்டத்தைத் தட்டினால் தவில் கேட்கும், அடுத்ததில் டிரம்ஸ், இன்னொன்றில் கைதட்டல். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா எங்கே என்றாலும் எங்கள் பக்கத்தில் அவர் வாசிக்கிற குத்துக்குத் தனிப் பெயர் உண்டு. அவர் குச்சியைத் தூக்கினாலே மாப்பிள்ளையின் நண்பர்கள் செருப்பைக் கழற்ற ஆரம்பிப்பார்கள்.

மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மையை எனக்குக் கொடுத்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். அம்மா என்னிடம், அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்பாள். நான் திரும்பி அப்பாவிடம் சொல்வேன். அவர் என்னிடம், வர்றேன்னு சொல்லு என்பார். எனக்கு அது பெரிய பதவியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாகக்கூட என்னை வைக்காத உலகம், வீட்டில் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்ததே என்று நான் நிமிர்ந்து நடந்தேன்.

காரணம் எனக்குத் தெரியாதது இல்லை. அம்மா பிரான்சுக்குப் போகப் போகிறாள். தாத்தா வழியில் அவளுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தது. மாமா அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவளுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். அவள் முதலில் போய் ஒரு வீடு பிடித்துக்கொண்டு எங்களைக் கூப்பிடுவாள், பிறகு நாங்கள் போவோம். அப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, "நான் அங்க வந்து யாரு லாரியை எடை போடுறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பதவி கிடைத்தது.

என் புதுநன்மை முடிந்து சில வாரத்தில் அவள் பயணம். எனக்கு அது வேளாங்கண்ணிக்குப் போய் வருவது மாதிரிதான் பட்டது, கொஞ்சம் தூரம் கூட, அவ்வளவே. எனக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருந்தன. வெள்ளை கவுனுக்குக் கை நீளமா குட்டையா, தலையில் வைக்கிற பூங்கிரீடம் நிற்குமா.

விருந்துக்கு அப்பாவின் குழுவே வாசிப்பதாக ஏற்பாடு. ஒரு சாயங்காலம் அப்பா என்னிடம், அன்றைக்கு என்னென்ன பாட்டு வேண்டும் என்று அம்மாவைக் கேட்கச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நேராக அவரையே பார்த்துப் பேசினாள்.

"ஏங்க, நான் ஒரு பாட்டுப் பாடுறேன். நீங்க வாசிக்கிறீங்களா?"

அப்பா செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தார். அம்மா வீட்டுக்கு வெளியே பாடி யாரும் கேட்டதில்லை.

"என்ன பாட்டு?"

"எங்கப்பா பெட்டியில இருக்குல்ல, அதுல ஒன்னு."

"சொல்தா பாட்டா? ஜனம் எந்திரிச்சுப் போயிரும்."

"போனா போகட்டும்."

அப்பா சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். தட்டைப் போட்டுக் கேட்டார். பாதி கூட முடியவில்லை, "இவ்வளவுதானா? சிக்ஸ் எயிட். நான் நாளெல்லாம் வாசிக்கிறதுதானே" என்றார்.

குத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் கணக்கு ஒன்றுதான், மூன்று மூன்றாகப் போகிற தாளம். அதனால் அப்பா நம்பிக்கையோடு உட்கார்ந்தார். ஆனால் அன்று தொடங்கி அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் கூடத்தில் தோற்றுக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து, கையிலும் கழுத்திலும் கரியைக் கழுவிவிட்டு, பேட்டின் முன் உட்காருவார். எதிரே அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டு பாடுவாள். நாலு வரி போவதற்குள் அப்பாவின் குச்சி ஓட ஆரம்பித்துவிடும்.

"ஓடாதீங்க," என்பாள் அம்மா. "ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் வந்து உக்காந்துட்டு எந்திரிச்சுப் போற அளவுக்கு எடம் விடணும்."

"அவ்வளவு எடம் விட்டா வாசிக்கிறவன் தூங்கிருவான்."

"தூங்குங்க. முழிச்சதும் தட்டுங்க."

அப்புறம் எண்ணிக்கையில் சண்டை. அப்பா காலால் நாலு எண்ணுவார். அம்மா விரலால் மூன்று எண்ணுவாள். நாலுதான் என்பார் அவர், மூணுங்க என்பாள் அவள். குழுவில் கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஒருநாள் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சரிதான். அண்ணன் வீட்டை எண்ணுறாரு, அண்ணி வீட்டுக்குள்ள இருக்கிற ரூமை எண்ணுறாங்க" என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் நானும் சிரித்தேன். என் பதவி போய்விட்டதை நான் கவனித்தேன். இருவரும் நேராகவே பேசிக்கொண்டார்கள். தாளத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள் என்பதைக் கவனிக்கவில்லை.

பாட்டு ஆங்கிலம். அம்மாவுக்கே எல்லா வார்த்தையும் தெரியாது. தாத்தா சொல்லிக்கொடுத்த ஒலியை அப்படியே பிடித்துவைத்திருந்தாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"என்கூட வந்துடேன்னு கேக்குறான். அதையேதான் திருப்பித் திருப்பிக் கேக்குறான்."

"அவ வந்தாளா?"

"பாட்டுல அது இல்ல பாப்பா."

அப்பா குனிந்து பேட்டின் பின்னால் ஏதோ வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது வெகுநேரம் சரியாகவில்லை.

வாரக் கடைசியில் அப்பாவுக்குக் கை வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா பாட, அப்பா வாசிக்க, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எங்கேயும் நிற்காமல் போனது. முடிந்ததும் அம்மா எழுந்துபோய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள், அதை அவர் கையிலேயே கொடுத்தாள். வழக்கமாக என்னிடம்தான் கொடுத்தனுப்புவாள்.

புதுநன்மை அன்று கிரீடம் நின்றது. பூசை முடிந்து வந்தபோது எங்கள் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் ஜனம் நிறைந்திருந்தது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்த பாய் பிரியாணித் தேக்சாவைத் தம்மில் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காரைக்காலில் விருந்து என்றால் பந்தலுக்குப் பின்னால் ஆண்களுக்கு இன்னொரு விருந்து நடக்கும். நாகப்பட்டினத்து உறவுகள் அதற்காகவே முந்தின நாளே வந்துவிடுவார்கள். ஆகவே பாட்டுக் கச்சேரி தொடங்கும்போது எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

அம்மா மேடையேறப் போகிறாள் என்று தெரிந்ததும் அத்தை அவளைப் பிடித்துக்கொண்டார். "நன்மை வாங்கிட்டு வந்த புள்ளைக்கு ஒரு மாதா பாட்டுப் பாடக்கூடாதா? சொல்தா பாட்டுதான் கெடைச்சுதா?"

"இதுவும் கோயில்ல பொறந்த பாட்டுதாங்க அண்ணி," என்றாள் அம்மா. "எங்கப்பா சொல்லுவாங்க. அந்தப் பாட்டுக்காரங்க ஊர்க் கோயில்ல இப்படித்தான் ஆடி ஆடிப் பாடுவாங்களாம்."

அத்தைக்கு அது இன்னும் கவலையைக் கொடுத்தது.

அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். கீபோர்டு அண்ணன் மும்மூன்றாகத் தட்டத் தொடங்கினார். அப்பாவின் குச்சி ஒரு தட்டு தட்டிவிட்டு, அம்மா கேட்ட இடத்தை விட்டுவிட்டு, அடுத்ததைத் தட்டியது. அம்மா பாடினாள். பந்தலில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது, என்ன பாஷை என்று தெரியாத சிரிப்பு. பிறகு அது அடங்கியது. தேக்சாவின் பக்கத்திலிருந்த பாய் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பின்விருந்திலிருந்து சிலர் கையில் தம்ளரோடு வந்து நின்றார்கள். நான் முன் வரிசையில் என் நாற்காலியில் கவுன் கசங்காமல் உட்கார்ந்து, என் அம்மா என்று பக்கத்துப் பெண்ணிடம் தேவையில்லாமல் சொன்னேன். அம்மாவின் குரல் அப்படி உடையும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டில் அவள் அடக்கிப் பாடியிருக்கிறாள். கேட்கிற இடம் வந்தது, என்கூட வந்துடேன் என்பது. அதை அவள் மைக்கைப் பார்த்தோ ஜனத்தைப் பார்த்தோ பாடவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துப் பாடினாள்.

அடுத்த சுற்றுக்கு அவள் மூச்சு எடுத்தபோது அப்பாவின் கை மாறியது.

அதே ஆறு தட்டுகள்தான். ஆனால் அவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின. ஒரு கணத்தில் தவில் வந்துவிட்டது, கைதட்டல் வந்துவிட்டது. பின்னாலிருந்து விசில் பறந்தது. கீபோர்டு அண்ணன் திகைத்து அப்பாவைப் பார்த்தார், அப்புறம் வேறு வழியில்லாமல் துரத்திப் பிடித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. நாகப்பட்டினம் எழுந்து ஆடியது. அம்மா அந்த வேகத்திலும் இரண்டு வரி பாடிப் பார்த்தாள். வார்த்தைகள் ஒன்றின் காலில் ஒன்று இடறின. பிறகு புன்னகையோடு மைக்கைக் குழுவின் பாடகரிடம் கொடுத்தாள், அவர் அந்தத் தாளத்துக்குப் பொருத்தமான வேறொன்றைத் தொடங்கினார். அம்மா மேடையிலிருந்து இறங்கி, தயிர்ப் பச்சடி வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனாள்.

என்னை யாரோ தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கிரீடம் எங்கோ விழுந்தது. என் வாழ்க்கையில் அதுவரை நடந்ததிலேயே அதுதான் மிகச் சிறந்தது என்று நினைத்தேன். அம்மா தொடங்கிவைத்து அப்பா முடித்துவைத்த பாட்டுக்குக் காரைக்காலே ஆடுகிறது என்று பள்ளியில் போய்ச் சொன்னேன்.

சொன்னபடி அம்மா கிளம்பினாள். ஒரு பிற்பகலில் கார் வந்தது. என் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தம் கொடுத்தாள். அப்பா சூட்கேஸை டிக்கியில் வைத்து மூடினார், மூடி சரியாக விழுந்ததா என்று இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். "வர்றேங்க" என்றாள். "ம்" என்றார். பாட்டுப் பெட்டியை அவள் எடுத்துப் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. அவள் வீடு பிடித்தாள், எங்களைக் கூப்பிட்டாள். அப்பா இந்த மழை போகட்டும் என்றார், துறைமுகத்தில் ஆள் இல்லை என்றார், அப்புறம் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார். அம்மா விடுமுறைக்கு வந்தபோது விருந்தாளிக்குப் போடுகிற தட்டில் அவளுக்குச் சோறு போட்டார்கள். பத்தாவது முடிந்ததும் நான் அவளிடம் போனேன். அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. எங்கள் ஊரில், அவரு இங்க இருக்காரு, அவங்க அங்க இருக்காங்க என்பார்கள். கேட்பவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.

அங்கே கடைகளில் அந்தப் பழைய பாட்டுகள் சில சமயம் ஒலிக்கும். பியானோ மும்மூன்றாகத் தட்டத் தொடங்கினால் அம்மா தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "அன்னைக்கு உங்கப்பா என்னைக் கேலி பண்ணிட்டாருடி, அத்தனை பேரு முன்னாடி" என்றாள். அவ்வளவுதான். பால் வாங்க மறந்துவிட்டோம் என்று திரும்பி நடந்தாள். கேலி என்ற வார்த்தையை நான் அந்த நாளோடு சேர்த்து நினைத்ததே கிடையாது.

போன வருஷம் விடுமுறையில் காரைக்கால் வந்திருந்தபோது அப்பாவிடம் கேட்டேன். ஏன் அப்படி வாசித்தீர்கள் என்று. ஜனம் கேட்டது, வாசித்தேன் என்பார் என்று நினைத்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பாட்டு அந்த வேகத்துலயே போயிருந்தா நான் அங்கனயே அழுதிருப்பேன். அவ என்னைப் பாத்துல்ல கேக்குறா. கை அதுவா ஓடிருச்சு."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இருந்தேன்."

நான் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி நின்றது. நறுக்கியதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "இதை அவரு வந்து சொல்லணும்" என்றாள். அவர் வரவில்லை. தொலைபேசியிலும் சொல்லவில்லை. அவளும் அழைத்துக் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சின்ன வயதுப் பதவி திரும்பக் கிடைத்திருக்கிறது, ஆனால் இப்போது அதைச் செய்ய எனக்குத் தெம்பில்லை.

புதுநன்மை அன்றைக்குச் சாயங்காலத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உறவுகள் போய்விட்டார்கள். பந்தல்காரர்கள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டதால் அப்பாவின் பேட்டுக்கு உயிரில்லை. அதன் முன்னால் அவர் தனியாக உட்கார்ந்து, குச்சியில்லாமல், வெறும் விரலால் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். ரப்பரின் மேல் விரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தட்டு, பிறகு நிறைய இடம், பிறகு இன்னொரு தட்டு. வாசலில் கழுவின பாத்திரத்தோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பாத்திரத்திலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. அவர் நிமிரவில்லை, ஆனால் அவள் நிற்பது அவருக்குத் தெரியும். அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள் என்றுகூட நினைக்கிறேன். எனக்கு முதுகில் கவுன் கொக்கி குத்திக்கொண்டிருந்தது. அம்மா, இதைக் கழற்றிவிடு என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வந்தாள். உள்ளே ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள், மிக மெதுவாக. வெளியே விரல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் நின்றது. காலையிலிருந்து வேலை, இரண்டு பேருக்கும் களைப்பு என்று நினைத்தேன்.